வாசற்படியும் சட்டமும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு வாடகை வீடு புதிய செய்தி அன்று. மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் பலர் வாழ்க்கையைத் தொடங்கியது ஒரு வாடகை வீட்டில்தான். வீட்டுக்காரர் வகுக்கும் விதிகளையும் நாம் நன்கு அறிவோம். நாய் வளர்க்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாடகையை ஐந்தாந் தேதிக்குள் நேரில் வந்து கட்ட வேண்டும். வண்டி நிறுத்தும் இடம் முதலில் கேட்டவருக்கே. இவ்விதிகள் எல்லாருக்கும் பொதுவானவை. ஆகவே இவற்றில் அநீதி ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் அவ்வீட்டிற்குக் குடிவருபவர் பார்வையற்றவராக இருந்து, அவருக்கு வழிகாட்டுவது பழக்கப்பட்ட ஒரு நாயாக இருந்தால் என்ன செய்வது? குளியலறையில் நிற்கும்போது தடுமாறுகின்ற முதியவர் பற்றிக்கொள்வதற்குச் சுவரில் ஒரு கம்பி வேண்டுமென்றால் என்ன செய்வது? விதியின் சொற்கள் எல்லாருக்கும் ஒன்றே. அதன் சுமை எல்லார்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்னும் விதியால் ஒருவருக்குச் சுவரில் படம் மாட்ட முடியாமல் போகிறது. மற்றொருவருக்கோ அவ்வீட்டில் குடியிருக்கவே முடியாமல் போகிறது.

இந்தச் சிக்கலுக்கு விரிவாக விடைகூற முயன்றுள்ள சட்டங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியாய வீட்டு வசதிச் சட்டம். அது வீட்டுக்காரர்மீது சுமத்தும் கடமைகள் யாவை, அவற்றின் எல்லை யாது, நம் நாட்டுச் சட்டம் இத்துறையில் எந்த அளவு வந்திருக்கிறது என்பனவற்றை இன்று நோக்குவோம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, அதே மாதம் 11-ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இச்சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், சமயம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவருக்கும் வீடு மறுக்கலாகாது என்பது அதன் சாரம். 1974-இல் ஆண், பெண் என்னும் வேறுபாடும் அப்பட்டியலில் சேர்ந்தது. மாற்றுத் திறனாளிகளைப் பற்றி மட்டும் சட்டம் இன்னும் மௌனமாகவே இருந்தது. முதற்சட்டம் பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட திருத்தச் சட்டமே அந்த மௌனத்தைக் கலைத்தது. அது 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது.

இத்திருத்தத்தில் ஒரு புதுமை உண்டு. நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்காதே என்று சட்டம் கூறினால், வீட்டுக்காரர் செய்ய வேண்டுவது வேறுபாடு பாராமல் இருத்தல் ஒன்றே. மாற்றுத் திறனாளியின் திறத்தில் அது போதாது. படியேற இயன்றவரையும் இயலாதவரையும் ஒரே படிக்கட்டின் முன் நிறுத்தி, இருவரையும் சமமாக நடத்தினேன் என்று கூறுவது சமத்துவம் ஆகாது. எனவே சட்டம், வேறுபாடு பாராதே என்று விலக்கியதோடு நில்லாமல், தேவைப்படும் இடத்தில் வேறுபாட்டைக் கருதிப் பார் என்று விதிக்கவும் செய்தது.

இக்கருத்து 1988-இல் திடீரெனத் தோன்றியதன்று. தொழிலாளி ஒருவரின் ஓய்வு நாள் முதலிய சமய ஒழுக்கங்களுக்கு முதலாளி நியாயமான அளவு இணங்கிப் போக வேண்டும் என்னும் விதி, 1972-இல் அந்நாட்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. மத்திய அரசின் பொருளுதவி பெறும் நிறுவனங்கள் மாற்றுத் திறனாளிகளை ஒதுக்கலாகாது என்று 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் கூறியது. அதற்குரிய விதிமுறைகள் ஆண்டுக்கணக்கில் வெளிவராமையால், 1977-இல் மாற்றுத் திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசாங்கக் கட்டடம் ஒன்றில் மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். சக்கர நாற்காலியில் வந்தவர்களும் அங்கேயே இரவுகளைக் கழித்தனர். அந்த ஏப்ரல் மாத இறுதியில் விதிமுறைகள் கையெழுத்தாயின. இவ்வாறு வளர்ந்த கருத்தே பின்னர்த் தனியார் வாடகை வீட்டின் வாசலையும் வந்தடைந்தது.

இனி, சட்டம் விதிக்கும் கடமைகளுக்கு வருவோம். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம். விதியைத் தளர்த்துவது முதலாவது. கட்டடத்தை மாற்ற இசைவது இரண்டாவது. புதிய கட்டடத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றவாறு கட்டுவது மூன்றாவது.

முதலாவதற்கு நியாயமான இணக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டின் விதிகள், வழக்கங்கள், பணிகள் ஆகியவற்றில் ஒரு மாற்றம் செய்தால்தான் மாற்றுத் திறனாளி ஒருவர் மற்றவரைப் போல வீட்டைப் பயன்படுத்த முடியும் என்றால், நியாயமான அம்மாற்றத்தை மறுப்பது சட்டத்திற்கு மாறான பாகுபாடு ஆகும். வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லாத கட்டடத்தில் பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு இடமளிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதிமுறைகளே தரும் எடுத்துக்காட்டு. அந்த நாய் செல்லப் பிராணியாகக் கருதப்படுவதில்லை. அதற்கென்று தனிக் கட்டணமோ கூடுதல் முன்பணமோ கேட்கலாகாது.

2004-ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதித் துறையும் வீட்டு வசதித் துறையும் கூட்டாக ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டன. வாடகையை அலுவலகத்திற்கு நேரில் வந்து கட்ட வேண்டும் என்பது ஓரிடத்து விதி. குடியிருக்கும் பெண்மணி ஒருவருக்கோ மனநோயின் காரணமாக வீட்டை விட்டு வெளியே வர அச்சம். வாடகையைத் தபாலில் அனுப்ப இசைய வேண்டும் என்று அவர் கேட்கிறார். வீட்டுக்காரர் இசைந்தே ஆக வேண்டும் என்கிறது அவ்வறிக்கை. இதனால் வீட்டுக்காரருக்கு என்ன நட்டம்? வாடகை முழுமையாக வந்து சேருகிறது. சேரும் வழி ஒன்றே மாறுகிறது. இணக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பெருஞ்செலவு வருமோ என்று அஞ்சுவோர் இதனைக் கருத வேண்டும். இத்தகைய கோரிக்கைகள் பலவும் காசைக் கேட்பதில்லை. ஒரு விதியில் சிறு நெகிழ்ச்சியையே கேட்கின்றன.

எல்லாக் கோரிக்கைகளும் இவ்வளவு எளியன அல்ல. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நானூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்று உண்டு. வண்டி நிறுத்தும் இடங்களோ மிகச் சில. ஆகவே கேட்டவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, முறை வந்தவருக்கு இடம் தருவது அங்கு வழக்கம். நரம்பு நோயால் நடக்க இயலாத நிலைக்கு ஆளாகி வந்த ஒரு பெண்மணி, தமக்கு உடனே ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். வரிசையில் பல்லாண்டு காத்திருப்பவர்களைத் தாண்டி இவருக்கு எப்படித் தருவது என்றது நிருவாகம். எல்லாரையும் சமமாக நடத்துவதே தன் கடமை என்றும் அது வாதாடியது. 1995-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சமமாக நடத்துவதற்கு மேலும் சட்டம் ஒன்று கேட்கிறது என்று கூறி, வழக்கு முடியும் வரை அவருக்கு இடம் தருமாறு இட்ட ஆணையை அது உறுதி செய்தது. இங்கே அவருக்கு முன் வரிசையில் நின்றவர்களும் குறையுடையவர்கள்தாம். அவர்களுடைய குறை, காத்திருக்கும் குறை. ஆனால் தெருவில் தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவது அவர்களுக்குத் தொல்லை. அப்பெண்மணிக்கோ அது இயலாத செயல். தொல்லைக்கும் இயலாமைக்கும் உள்ள வேற்றுமையையே நீதிமன்றம் எடைபோட்டது.

இக்கடமைக்கு எல்லையும் உண்டு. வீட்டுக்காரர்மீது அளவுக்கு மீறிய பணச் சுமையையோ நிருவாகச் சுமையையோ ஏற்றும் கோரிக்கையையும், அவர் நடத்தும் பணியின் தன்மையையே மாற்றிவிடும் கோரிக்கையையும் அவர் ஏற்க வேண்டியதில்லை. முன்னர்க் கூறிய அறிக்கையே இதற்கும் சான்று தருகிறது. நடக்க இயலாத ஒருவர், தம்மைக் கடைக்கு அழைத்துச் சென்று பொருள் வாங்கவும் உதவ வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார். வீடு தருவது அவர் தொழில். கடைக்கு அழைத்துச் செல்வது அன்று. ஆகவே மறுக்கலாம். மறுத்த அளவில் பேச்சு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் கருதத்தக்கது. கடைக்குப் போய்வர உதவும் அன்பர் ஒருவர் தம் வண்டியை வீட்டருகே நிறுத்த இசைவு தரலாமா என்று இருவரும் கலந்து பேச வேண்டும் என்கிறது அறிக்கை. கேட்டது இயலாதெனில், இயன்றது எது என்று தேடுவதும் கடமையின் ஒரு பகுதி.

கேட்பவருக்கும் சில எளிமைகள் உண்டு. வாய்மொழியாகவும் கேட்கலாம், சட்டத்தின் சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. குறை கண்ணுக்குப் புலப்படாததாயின், அதற்குரிய நம்பகமான சான்றை வீட்டுக்காரர் கேட்கலாம். ஆனால் நோயின் முழு வரலாற்றையும் துருவி ஆராய அவருக்கு உரிமை இல்லை. குடியிருப்பவர் மட்டுமன்றி, அவருடன் வாழும் குழந்தைக்கோ வயதான பெற்றோருக்கோ குறை இருந்தாலும் சட்டம் துணை நிற்கும்.

இரண்டாவது கடமை கட்டடத்தைப் பற்றியது. வாசலில் சாய்தளம் அமைத்தல், கதவின் அகலத்தைக் கூட்டுதல், குளியலறையில் பிடிகம்பி பொருத்துதல் முதலிய நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்ள வீட்டுக்காரர் இசைய வேண்டும். ஆனால் தனியார் வீட்டில் இதற்கான செலவு குடியிருப்பவருடையது. வீட்டின் உட்புற மாற்றங்களை, நியாயமாகத் தோன்றும் இடத்தில், காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்காரர் நிபந்தனை விதிக்கலாம். நியாயம் என்னும் சொல் இங்கே எவ்வாறு வேலை செய்கிறது என்று பாருங்கள். பிடிகம்பியைக் கழற்றிச் சுவரைச் சீராக்கச் சொல்லலாம். கம்பியைத் தாங்குவதற்காகச் சுவருக்குள் வைத்த மரக்கட்டையை எடுக்கச் சொல்லலாகாது, ஏனெனில் அடுத்து வருபவருக்கு அதனால் இடையூறு இல்லை. அகலமாக்கிய கதவையும் அவ்வாறே மீண்டும் குறுகலாக்கச் சொல்லலாகாது. வாசலுக்கு வெளியே அமைத்த சாய்தளத்திற்கும் இந்நிபந்தனை பொருந்தாது. பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்குரிய பணத்தைத் தவணை முறையில் தனிக் கணக்கில் செலுத்துமாறு சில வேளைகளில் கேட்கலாம். அதன் வட்டி குடியிருப்பவரையே சேரும்.

மூன்றாவது கடமை, கட்டுவோரைச் சார்ந்தது. 1991-ஆம் ஆண்டு மார்ச் 13-க்குப் பின் முதன்முதலாகக் குடிபுகும் வகையில் கட்டப்பட்டவையும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ளவையுமான கட்டடங்களுக்கு இது பொருந்தும். மின்தூக்கி இருந்தால் எல்லா வீடுகளும், இல்லையெனில் தரைத்தள வீடுகளும் சக்கர நாற்காலி செல்லத்தக்க வழியும் கதவும் உடையனவாக இருக்க வேண்டும். விளக்குப் பொத்தான்கள் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் அமைய வேண்டும். குளியலறைச் சுவர்கள் பிற்காலத்தில் பிடிகம்பி பொருத்துவதற்கு ஏற்ற வலிவுடன் இருக்க வேண்டும். கட்டும்போது சுவருக்குள் வைக்கும் ஒரு கட்டைக்குச் செலவு சிறிது. கட்டிமுடித்தபின் சுவரை இடித்து அதனைப் புகுத்தும் செலவோ பெரிது. முன்யோசனையைச் சட்டம் கட்டாயமாக்கியதன் காரணம் இதுவே.

இச்சட்டத்திற்குப் புறம்பானவரும் உளர். நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்தில் ஒன்றில் தாமே வசிக்கும் உரிமையாளர், தரகர் இன்றித் தம் தனி வீட்டை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர் முதலியோருக்குப் பொதுவாக விலக்கு உண்டு. மற்றவர்களிடம் நீதி கிடைக்காதவர், ஓராண்டிற்குள் வீட்டு வசதித் துறையிடம் முறையிடலாம்; ஈராண்டிற்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் எழுந்த வீட்டு வசதி முறையீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை மாற்றுத் திறனாளிகளைப் பற்றியனவே.

சட்டத்தின் சிறப்பைக் கூறியவர் அதன் குறையையும் கூற வேண்டும். சாய்தளம் அமைக்க உரிமை உண்டு. அமைக்கப் பணம் இல்லை என்றால் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். உடற்குறை வந்தபின் வருவாய் குறைவதும் மருத்துவச் செலவு மிகுவதும் இயல்பு. அந்நேரத்தில் கட்டடச் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்பது கடுமையன்றோ? இதனை உணர்ந்தே, அரசின் பொருளுதவி பெறும் வீடுகளில் இச்செலவை வீடு தருபவர்மீது 1973-ஆம் ஆண்டின் சட்டம் சுமத்துகிறது. மாசசூசெட்ஸ் மாநிலமோ இன்னும் ஓரடி முன்சென்று, அடுத்தடுத்து அமைந்த பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை உடைய உரிமையாளரே நியாயமான மாற்றங்களின் செலவை ஏற்க வேண்டும் என்று விதித்துள்ளது. பெரிய உரிமையாளர் ஒரு கதவின் செலவைப் பல வீடுகளின் வாடகையில் பரப்பிக்கொள்ளலாம். தனியொரு குடும்பத்தால் அது இயலாது. இந்நெறியே நியாயத்திற்கு நெருங்கியது என்பது என் கருத்து.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சபை 2006-ஆம் ஆண்டில் மாற்றுத் திறனாளிகளின் உரிமை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007-இல் அதனை உறுதி செய்தது. அதன் பயனாக எழுந்தது மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் சட்டம், 2016. இது 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. நியாயமான இணக்கம் என்னும் கருத்து இதில் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டுள்ளது. அதனை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் கூறுகிறது. விதிமுறைக்கு ஒவ்வாத கட்டட வரைபடத்திற்கு அனுமதி தரலாகாது என்றும் கூறுகிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அறியத்தக்கது. அணுகத்தக்க கட்டடங்கள் பற்றிய விதிமுறை வெறும் பரிந்துரை அளவில் நிற்பது சட்டத்தின் நோக்கத்திற்கு மாறானது என்றும், கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தல் ஆகாது. நம் சட்டத்தில் நியாயமான இணக்கத்தை உறுதி செய்யும் பொறுப்பு அரசின்மேல் வைக்கப்பட்டுள்ளது. நாய்க்கு இடங்கொடு, கம்பி பொருத்த இசைவு கொடு என்று தனியார் வீட்டுக்காரரைச் சுட்டி அமெரிக்கச் சட்டம் விதிப்பது போன்ற ஒரு தனிப்பிரிவு அதில் இல்லை. உரிமை பறிபோனதாகக் கருதுபவர் டில்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ மாநில ஆணையரிடமோ முறையிடலாம். எனினும் மூன்றாம் மாடியில் வாழும் முதியவருக்குத் தரைத்தள வீட்டை மாற்றித் தருவதா என்பது, இன்னும் பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனத்தையும் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தையும் பொறுத்ததாகவே இருக்கிறது.

அதனாலேயே நம்மிடம் இரு பொறுப்புகள் உள்ளன. குடியிருப்பவராக இருந்தால், தேவையை மறைக்காமல் எழுத்தில் கேட்டுப் பழகுதல் நலம். என்ன வேண்டும், ஏன் வேண்டும், செலவு யாருடையது, காலி செய்யும்போது எதைச் சீராக்கித் தருவோம் என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரரின் அச்சத்தில் பாதி அகன்றுவிடும். மொழி தெரியாத ஊரில் வீடு கிடைத்ததே பெரிது என்று வாய்மூடி இருந்து, தாயாரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதில் எவருக்கும் நன்மை இல்லை. நம்மிற் பலர் இன்று சொந்த வீடு வாங்கி, குடியிருப்புச் சங்கங்களில் செயலாளராகவும் உறுப்பினராகவும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன் இத்தகைய கோரிக்கை வரும்போது, எல்லாருக்கும் ஒரே விதி என்று கூறிக் கோப்பை மூடிவிடுதல் எளிது. அவ்விதி இவர்மீது எவ்வளவு பாரமாக விழுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும். அமெரிக்கச் சட்டம் வழக்கிட்டும் ஆணையிட்டும் பெறுகின்ற அந்தக் கேள்வியை, நாம் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.